15 ஆண்டு முடிந்த பைக்: ஆர்.சி. புதுப்பிப்பில் எது தேறும், எது திரும்பி வரும்

"எஃப்.சி. அஞ்சு வருஷம் கையில இருக்கு சார், கண்ணை மூடிட்டு எடுக்கலாம்." பழைய பைக் விற்கிற இடத்தில் இந்தப் பேச்சைக் கேட்காதவர்கள் குறைவு. சொந்த உபயோக பைக்குக்கு எஃப்.சி. என்று தனியாக ஒன்று கிடையாது. அது லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் வாங்கும் தகுதிச் சான்று. பைக்குக்கு நடப்பது பதிவுப் புதுப்பிப்பு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 41-வது பிரிவுப்படி ஆர்.சி. என்கிற பதிவுச் சான்று 15 ஆண்டு செல்லும். அதற்குப் பிறகு வண்டியை ஆர்டிஓ அலுவலகத்தில் காட்டி, ஐந்தைந்து ஆண்டாக நீட்டிக்கொள்ளலாம். ஊர்ப் பேச்சில் இரண்டுக்குமே எஃப்.சி. என்றுதான் பெயர்.

அந்த ஐந்து வருஷ முத்திரையை நம்பிக் கண்ணை மூடலாமா என்பதுதான் கேள்வி. ஒரு வண்டியை வைத்தே பார்க்கலாம். ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர் பிளஸ், 97.2 சிசி, 2010 ஆகஸ்ட் 12-ல் மதுரையில் டி.என். 59 வரிசையில் பதிவு, மூன்று கை மாறியது. இது ஒரு தனி ஆளின் வண்டி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 15 ஆண்டு ஓடிய 100 சிசி வண்டிகளில் திரும்பத் திரும்ப வரும் குறைகளை எல்லாம் ஒரே வண்டியில் ஏற்றி வைத்திருக்கிறோம்.

முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துவிடலாம். 15 வருஷம் ஆனால் வண்டியைக் காயலான் கடைக்குப் போட வேண்டும் என்பது டெல்லி வட்டாரத்துக் கதை. அங்கே பெட்ரோல் வண்டிக்கு 15 ஆண்டு, டீசலுக்கு 10 ஆண்டு என்ற தடை பசுமைத் தீர்ப்பாயம், உச்ச நீதிமன்றம் வழியாக வந்தது. 2023 ஏப்ரல் முதல் 15 ஆண்டு தாண்டிய அரசு வண்டிகளுக்குப் பதிவு நீட்டிப்பு கிடையாது. தமிழ்நாட்டில் தனியார் பைக்குக்கு இந்த இரண்டும் பொருந்தாது. ஆய்வில் தேறுகிற வரை 20, 25, 30 என்று நீட்டிக்கொண்டே போகலாம்.

காகிதம்

நமது வண்டியின் ஆர்.சி. 2025 ஆகஸ்ட் 11-ல் முடிகிறது. கணக்கு பதிவுத் தேதியிலிருந்துதான், தயாரிப்பு மாதத்திலிருந்து இல்லை. புதுப்பிப்பு விண்ணப்பமான படிவம் 25-ஐ முடிவுத் தேதிக்கு முந்தைய 60 நாளுக்குள் கொடுக்கலாம். அதாவது ஜூன் இரண்டாவது வாரத்திலிருந்து. 2022 ஏப்ரல் 1 முதல் பைக்குக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 1,000 ரூபாய். தாமதமானால் விதிப்படி மாதத்துக்கு 300 ரூபாய் கூடும். ஆகஸ்டில் முடிந்ததை அடுத்த பிப்ரவரியில் காட்டினால், ஆறு மாதத்துக்கு 1,800 ரூபாய். கட்டணத்தைவிடத் தண்டம் பெரிசு. 20 ஆண்டு தாண்டிய பைக்குக்கு 2025 ஆகஸ்டில் கட்டணம் 2,000 ஆனது. பசுமை வரி இதற்கு மேல் தனி. மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் கட்ட வேண்டிய மொத்தமும் வந்துவிடும்.

இரண்டு சான்று உயிரோடு இருக்க வேண்டும்: காப்பீடு, புகைச் சான்று. முழுக் காப்பீடு கட்டாயமில்லை, மூன்றாம் நபர் காப்பீடு போதும். 75 முதல் 150 சிசி வரையான வண்டிக்கு 2022 ஜூனில் அறிவித்த அடிப்படை பிரீமியம் 714 ரூபாய். அதற்கு மேல் ஜி.எஸ்.டி.யும் ஓட்டுநர் விபத்துக் காப்பும் சேரும்.

இந்த வண்டி முதலில் மாட்டுவது இங்கேதான். மூன்று கை மாறியும் ஆர்.சி.யில் இன்னும் முதல் ஆளின் பெயர். கையெழுத்துப் போட்ட பெயர் மாற்றப் படிவங்கள் 29, 30 டேங்க் கவரில் மடிந்து கிடக்கிறது, தேதி இல்லாமல். பெயரை மாற்றச் சட்டம் 50-வது பிரிவில் வாங்கியவருக்கு 30 நாள் கெடு வைத்திருக்கிறது. அதை யாரும் மதிக்கவில்லை. முதல் உரிமையாளரின் பழைய செல்போன் எண்ணுக்குத்தான் ஓ.டி.பி. போகும். அவர் காலமாகியிருந்தால் படிவம் 31, வாரிசுச் சான்று என்று வழியே வேறு. பைனான்ஸ் பதிவு நீக்கப்படாமல் இருந்தால், கடன் கொடுத்த கம்பெனியிடம் தடையின்மைச் சான்றும் படிவம் 35-ம் வாங்கியாக வேண்டும். கம்பெனி வேறொன்றோடு இணைந்திருந்தால் அலைச்சல் இன்னும் கூடுதல். நிலுவை இ-சலான் இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிட வேண்டும்.

எஞ்சின் எத்தனை நன்றாக ஓடினாலும் இந்த இடத்தில் தேங்கிய வண்டி நகராது. பழைய பைக் வாங்குகிறவர் கிக்கரில் கால் வைப்பதற்கு முன் ஆர்.சி.யில் உள்ள பெயரும் விற்கிறவரின் ஆதாரும் ஒன்றா என்று பார்ப்பது நல்லது. இல்லையென்றால் விலையைப் பேசவே தேவையில்லை.

எண்

ஆய்வு என்று சொல்லும்போது பலரும் பெரிய எந்திரத்தை நினைத்துக்கொள்கிறார்கள். உருளையில் ஏற்றி பிரேக்கை அளக்கும் தானியங்கி நிலையங்கள் லாரி, பஸ் போன்ற போக்குவரத்து வண்டிகளுக்காக வருபவை. சொந்த பைக்கைப் பார்ப்பது மோட்டார் வாகன ஆய்வாளர், மக்கள் வாயில் பிரேக் இன்ஸ்பெக்டர். அவர் கண்ணும் கையும்தான் கருவி. அவர் முதலில் குனிவது சேஸிஸ் எண்ணைப் பார்க்க.

ஸ்பிளெண்டரில் அது ஹேண்டில் கழுத்துக் குழாயில் குத்தப்பட்டிருக்கும். 17 எழுத்து, ஹீரோ ஹோண்டாவுக்கு எம்.பி.எல். என்று தொடங்கும். பத்தாவது இடத்தில் உள்ளது மாடல் ஆண்டு: 9 என்றால் 2009, ஏ என்றால் 2010, பி என்றால் 2011. ஆங்கில எழுத்துகளில் ஐ, ஓ, க்யூ மூன்றும் இந்த எண்ணில் வராது. ஆர்.சி.யில் ஓ என்று அச்சாகியிருந்தால் அது பூஜ்யத்தைத் தவறாகத் தட்டியது. 8-ஐ பி என்றும், 5-ஐ எஸ் என்றும் ஏற்றியிருப்பதும் உண்டு. பழைய புத்தக ஆர்.சி.யிலிருந்து கணினிக்கு ஏற்றியபோது நுழைந்த பிழைகள் 15 ஆண்டு கழித்து இந்த நாளில்தான் தலை காட்டும். தயாரிப்பாளர் பெயர் ஹீரோ ஹோண்டா என்று இருப்பது பிழை ஆகாது. ஹீரோ மோட்டோகார்ப் என்ற பெயர் 2011-ல் வந்தது.

15 மழைக்காலம் கண்ட குழாயில் எண் துருவிலும் எண்ணெய் அழுக்கிலும் மூடிக் கிடக்கும். இங்கே பலர் செய்யும் காரியம் வண்டியைக் கெடுத்துவிடுகிறது: எமரி தாளால் தேய்ப்பது, அல்லது கிரைண்டர் கல்லை வைப்பது. குத்திய எண்ணின் ஆழம் கொஞ்சம்தான். இரண்டு தேய்ப்பில் விளிம்பு மழுங்கும். சுற்றியுள்ள பெயின்ட் போய் வெள்ளையாகப் பளபளக்கும். பார்ப்பவருக்கு எண்ணைத் திருத்தியது போலத் தோன்றும். பிறகு அது திருட்டு வண்டியா என்ற விசாரணைக்குப் போய்விடும்.

சரியான முறை மெதுவானது. மண்ணெண்ணெய் நனைத்த துணியை எண் மேல் பத்து நிமிடம் போர்த்தி வைக்க வேண்டும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒரே திசையில் தேய்த்து, துடைத்து, உலரவிட வேண்டும். துரு பிடிவாதமாக இருந்தால் துரு நீக்கும் திரவத்தைத் தொட்டு இன்னொரு முறை. உலர்ந்த பின் 4பி பென்சிலைச் சாய்த்துப் பிடித்து எண் மேல் கரியை ஏற்றி, அகலமான செல்லோ டேப்பை ஒட்டி, கட்டை விரலால் அழுத்தி ஒரே இழுப்பில் உரித்தால் 17 எழுத்தும் டேப்பில் வந்துவிடும். அதை வெள்ளைத் தாளில் ஒட்டினால் அலுவலகத்துக்குக் கொண்டுபோகும் எண் பிரதி தயார். ஒன்றுக்கு மூன்றாக எடுத்து வைத்துக்கொள்ளலாம். எடுத்த இடத்தில் ஒரு சொட்டு எஞ்சின் ஆயிலைத் தடவிவிட்டால் சீக்கிரம் துரு ஏறாது.

கிராங்க் கேஸில் உள்ள எஞ்சின் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒப்பிட வேண்டும். ஸ்பிளெண்டர் வகையறா வண்டிகளில் எஞ்சின் ஒன்றுக்கொன்று எளிதாகப் பொருந்தும். பிஸ்டன் கடித்த வண்டிக்கு விபத்தில் சிக்கிய இன்னொரு வண்டியின் எஞ்சினை ஏற்றிவிடுவது மலிவான வேலை. ஓடுவதில் வித்தியாசமே தெரியாது, எண்ணில்தான் தெரியும். எஞ்சின் மாற்றத்தை 52-வது பிரிவின்படி அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்றியிருக்க வேண்டும். ஏற்றாத வண்டி அன்றைக்குத் திரும்பும். நிறமும் அப்படித்தான். ஆர்.சி.யில் கறுப்பு என்று இருக்க, வண்டி சிவப்பாக நின்றால் கேள்வி வரும்.

வெளிச்சமும் சத்தமும்

எண் தேறிய பிறகு திரும்பி வரும் வண்டிகளில் பல அற்பக் காரணத்துக்காக வருபவை. பல்பு, ஹாரன், கண்ணாடி, நம்பர் பிளேட். பிரிட்டனில் மூன்று வயது தாண்டிய பைக்கை ஆண்டுதோறும் எம்.ஓ.டி. சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கேயும் பைக்குகள் தோற்கும் காரணங்களில் விளக்கு முன்னணியில் நிற்கிறது. ஊர் வேறானாலும் பல்பு ஒன்றுதான்.

நமது வண்டியின் மின்சாரத்தைப் புரிந்துகொள்ள ஒரு சின்ன விஷயம் தெரிந்தால் போதும். இந்தக் கால ஸ்பிளெண்டரில் ஹெட்லைட் மேக்னெட் சுருளிலிருந்து நேராக எரிகிறது. ஹாரன், பிரேக் லைட், இண்டிகேட்டர் மூன்றும் பேட்டரியிலிருந்து. ஆகவே ஐடிலில் ஹெட்லைட் மங்குவது இயல்பு, ஆக்சிலேட்டரைத் திருகினால் பிரகாசிக்கும். ஆனால் ஐடிலில் ஹாரன் கரகரத்து, திருகினால் மட்டும் கத்துகிறது என்றால் பேட்டரி செத்துவிட்டது. இண்டிகேட்டர் போட்டால் ஒரு பக்கம் மட்டும் வேறு வேகத்தில் துடிக்கிறதா? அந்தப் பக்கம் ஒரு பல்பு போயிருக்கிறது. நான்குக்கும் எல்.இ.டி. மாற்றியிருந்தால் அதை மினுக்க வைக்கும் பழைய பிளாஷருக்கு இழுக்கும் சுமை போதாமல் படபடவென்று அடிக்கும், அல்லது அப்படியே நின்று எரியும். திரும்ப 10 வாட் பல்பையே போடுவது சுலபம். ஹெட்லைட்டிலும் சந்தையில் கிடைக்கும் வெள்ளை எல்.இ.டி.யைக் கழற்றிவிட்டு 12 வோல்ட் 35/35 வாட் பல்பைப் போட்டுவிட வேண்டும். ஹை பீம், லோ பீம் இரண்டும் மாறுகிறதா என்று சுவரில் அடித்துப் பார்க்கலாம்.

பிரேக் லைட்டில் இரண்டு சுவிட்ச் உண்டு. முன் பிரேக் லீவரில் ஒன்று, பின் பெடலுக்கு மேலே ஸ்பிரிங் மாட்டியது இன்னொன்று. பின் சுவிட்ச்தான் அதிகம் தகராறு செய்யும். ஷூ தேயத் தேய மெக்கானிக் பின் பிரேக் நட்டைத் திருகிக்கொண்டே வந்திருப்பார், சுவிட்ச்சைத் தொட்டிருக்க மாட்டார். பெடல் மேல் முனையில் 20 முதல் 30 மில்லிமீட்டர் சும்மா ஆட்டம் இருக்க வேண்டும். பிரேக் பிடிக்கத் தொடங்கும் நேரத்துக்குச் சற்று முன்னால் லைட் எரிய வேண்டும். தாமதமாக எரிந்தால் சுவிட்ச்சின் உடலை ஒரு கையால் அசையாமல் பிடித்து, நட்டை மட்டும் திருகி மேலே ஏற்ற வேண்டும். உடலோடு சேர்த்துத் திருகினால் உள்ளே வயர் முறுக்கி அறுந்துபோகும்.

நம்பர் பிளேட்டுக்கு அளவு விதியிலேயே எழுதியிருக்கிறது. முன்னால் எழுத்தும் எண்ணும் 30 மில்லிமீட்டர் உயரம். பின்னால் எழுத்து 35, எண் 40. தனியார் வண்டிக்கு வெள்ளைப் பின்னணியில் கறுப்பு. சாய்ந்த எழுத்து, தலைவர் படம், சாமி பேர், 8055 என்ற எண்ணை 'பாஸ்' என்று படிக்க வைக்கும் வித்தை எல்லாம் ஆய்வுக்கு முதல் நாள் கழன்றுவிட வேண்டும்.

மத்திய மோட்டார் வாகன விதி 123 பலருக்கும் தெரியாதது. பின்னால் உட்காருகிறவருக்குக் கைப்பிடி, கால் வைக்கப் படி, பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பு மூன்றும் இருக்க வேண்டும். அந்தக் காப்புதான் சேலை கார்டு. இளைஞர் கைக்கு வண்டி வந்ததும் முதலில் கழன்று போவது அதுவே. சைடு மிரர் அடுத்தது. பின்பக்கச் சிவப்பு ரிஃப்ளெக்டரும் மட்கார்டை வெட்டும்போது காணாமல் போயிருக்கும். இதில் எதுவுமே பெரிய செலவு இல்லை. ஆனால் ஆர்டிஓ அலுவலக வாசலில் அவசரத்துக்குத் தேடினால் இரட்டை விலை.

சைலன்சரைப் பற்றித் தனியாகச் சொல்ல என்ன இருக்கிறது! கம்பெனி சைலன்சர் இல்லாத வண்டியை அங்கே கொண்டுபோகவே வேண்டாம்.

புகை

ஆய்வில் எண்ணாக அளந்து சொல்லும் ஒரே சோதனை புகைச் சான்றுதான். 2000 மார்ச்சுக்குப் பிறகு வந்த பி.எஸ். 2, 3 காலத்து நான்கு ஸ்ட்ரோக் பைக்குக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 4,500 பி.பி.எம். வரை அனுமதி. இரண்டு ஸ்ட்ரோக்குக்கு ஹைட்ரோகார்பன் 6,000. அதற்கும் முந்தைய வண்டிகளுக்கு 4.5 சதவீதமும் 9,000-மும். தாராளமான எல்லைதான். கார்புரேட்டர் ஒழுங்காக இருந்தால் 15 வயது வண்டி இதில் தோற்கக் கூடாது.

தோற்றால் எந்த எண் ஏறியது என்று பார்த்தாலே நோய் தெரிந்துவிடும். மோனாக்சைடு கூடினால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும், சோக் முழுதாகத் திரும்பியிருக்காது, அல்லது மிதவை ஊசி தேய்ந்து பெட்ரோல் மேலேறியிருக்கும். ஹைட்ரோகார்பன் கூடினால் எரியாத பெட்ரோல் அப்படியே வெளியே வருகிறது. பிளக் பலவீனம், வால்வு சரியாக உட்காராதது, அல்லது ரிங் தேய்ந்து ஆயில் எரிவது காரணம். சோதனைக்கு முன் கால் மணி நேரம் ஓட்டிச் சூடாக்கி, ஐடிலை நிமிடத்துக்கு 1,400 சுற்றுக்கு வைத்துவிட்டுப் போவது பாதி வேலை. சைலன்சர் இணைப்பில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று கலந்து அளவு குறைவாகக் காட்டும். தேறிவிட்டதே என்று மகிழ அதில் ஒன்றுமில்லை.

கண்ணுக்குத் தப்புவது

இதுவரை சொன்னதெல்லாம் ஆய்வு பிடிக்கும் குறைகள். பெயர், எண், மாற்றியமைத்தல், விளக்கு ஆகிய நான்கில் இந்த ஆய்வை நன்றாகவே நம்பலாம். ஆனால் வரிசையில் நிற்கும் வண்டியைச் சில நிமிடத்தில் சக்கரம் கழற்றாமல் பார்க்கும்போது, உயிரைக் காக்கும் உறுப்புகள் பெரும்பாலும் பார்வைக்கு வருவதே இல்லை. விற்கிறவர் 'கண்ணை மூடிட்டு' என்று சொல்வது சரியாக இந்த உறுப்புகளின் மேல்.

நமது வண்டியில் கோன்செட், அதாவது ஹேண்டில் திரும்பும் பேரிங், குழிந்திருக்கிறது. மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சீட்டை ஒருவர் அழுத்த, முன் சக்கரம் தூக்கி நிற்கும். ஹேண்டிலை இரண்டு விரலால் மெல்லத் திருப்பினால் நடு இடத்தில் ஒரு பள்ளத்தில் விழுவது போல 'டக்'கென்று நிற்கும். அந்தப் பள்ளம் பால் ரேஸில் குண்டுகள் குத்திய தழும்பு. நட்டை இறுக்கிச் சமாளிக்கலாம் என்பார்கள். இறுக்கினால் பள்ளம் இன்னும் ஆழமாகும். செட்டாக மாற்றுவதுதான் வழி. அதே நிலையில் முன் ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் தளர்வும் தெரியும்.

பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்க வேண்டும். சக்கரம் மட்டும் ஆடினால் பேரிங். சக்கரத்தைத் தாங்கும் ஆர்மோடு சேர்ந்து ஆடினால் ஸ்விங் ஆர்ம் புஷ். ஃபோர்க் குழாயில் எண்ணெய் வளையம் தெரிந்தால் ஆயில் சீல் போய்விட்டது. அந்த எண்ணெய் வழிந்து பிரேக் டிரம்முக்குள் இறங்கினால் முன் பிரேக் வேலை செய்யாது.

பிரேக் ஷூ எவ்வளவு மிச்சம் என்பதைக் கழற்றாமலே பார்க்கலாம். பிரேக்கை முழுதாக அழுத்தும்போது பிரேக் கை அருகிலுள்ள அம்புக்குறி, தட்டில் உள்ள குறிக்கு நேராக வந்துவிட்டால் ஷூ முடிந்தது. மெக்கானிக் அந்தக் கையைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தால் அம்பு பொய் சொல்லும். எனவே சந்தேகம் இருந்தால் சக்கரத்தைக் கழற்றியே பார்க்க வேண்டும். கழற்றும்போது பின் பிரேக் தட்டைப் பிடித்து நிற்கும் கம்பியின் போல்ட்டில் ஸ்பிளிட் பின் இருக்கிறதா என்று பாருங்கள். பஞ்சர் கடையில் அவசரத்தில் மாட்டாமல் விடுவது அந்தப் பின்தான். போல்ட் கழன்றால் பிரேக் தட்டே சக்கரத்தோடு சுழன்று பூட்டிக்கொள்ளும்.

டயரில் பள்ளம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. அது தேறும். வயதை யாரும் கேட்பதில்லை. பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2316 என்றால் 2016-ம் ஆண்டின் 23-வது வாரம். ஒன்பது வருஷக் கட்டை டயரில் பட்டன் ஆழமாக இருந்தாலும், ஈரத் தார் ரோட்டில் அது பிடிக்காது.

ஓடோமீட்டரை விட்டுவிடலாம். ஐந்து இலக்கம்தான், 99,999 தாண்டினால் மறுபடி பூஜ்யத்தில் தொடங்கும். 31,000 என்று காட்டுவது 1,31,000-ஆகவும் இருக்கலாம்.

பிரிட்டனின் எம்.ஓ.டி. ஆண்டுக்கு ஒரு முறை ஸ்டீயரிங் பேரிங், சஸ்பென்ஷன், பிரேக் என்று தொட்டுப் பார்க்கிறது. குறைகளை 2018 மே முதல் ஆபத்தானது, பெரியது, சிறியது என்று தரம் பிரித்து எழுதுகிறது. வண்டி எண்ணைப் போட்டால் பழைய சோதனை முடிவுகளும் அன்றைய மைலேஜும் யாருக்கும் தெரியும். இங்கே சொந்த பைக்குக்கு முதல் 15 ஆண்டு புகையைத் தவிர எதையும் யாரும் பார்ப்பதில்லை. 15 ஆண்டுக் குறையை ஒரு காலை வேளை கண்டுபிடித்துவிடும் என்று எதிர்பார்ப்பது ஆய்வாளரின் மேல் ஏற்றும் அதிகப் பாரம்.

எந்த வரிசையில் செய்வது

வேலையைப் பெயரிலிருந்து தொடங்க வேண்டும். பெயர், பைனான்ஸ், சலான் மூன்றும் தீராமல் வண்டிக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கக் கூடாது. அடுத்து எண் பிரதி. அதில் சிக்கல் இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். பிறகு மேலே சொன்ன மெக்கானிக் வேலை, கடைசியில் பல்பும் பிளேட்டும். புகைச் சான்று மெக்கானிக் வேலைக்குப் பின்னால் எடுத்தால் ஒரே முறையில் முடியும். காப்பீடும் புகைச் சான்றும் தளத்தில் ஏறிய பிறகு படிவம் 25-ஐ நிரப்பிப் பணம் கட்டலாம். தலைகீழாகப் பெயின்ட் வேலையில் தொடங்குகிறவர்கள்தான் அதிகம். டிங்கரிங் செய்து பளபளக்கும் வண்டி, முதல் உரிமையாளரைத் தேடி நிற்கும்.

அலுவலகத்துக்கு அசல் ஆர்.சி., காப்பீடு, புகைச் சான்று, எண் பிரதி, முகவரிச் சான்று ஆகியவற்றோடு ஒரு 10-12 ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், உதிரி இண்டிகேட்டர் பல்பு இரண்டு, ஒரு டெயில் பல்பு, ஈரத் துணி கொண்டுபோனால் சின்னக் குறையை அங்கேயே தீர்த்துக்கொள்ளலாம்.

அட்டை ஸ்பீடு போஸ்டில் ஆர்.சி. முகவரிக்குத்தான் வரும். வீடு மாறியிருந்தால் முகவரி மாற்றத்தையும் சேர்த்தே போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் அது அலுவலகத்துக்கே திரும்பிப் போகும். கவரைப் பிரித்ததும் புதிய முடிவுத் தேதியைப் பார்ப்பதோடு, பழைய டேப் பிரதி ஒன்றை எடுத்து சேஸிஸ் எண்ணை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். 8 இருக்கும் இடத்தில் பி விழுந்திருந்தால் அதைத் திருத்த நல்ல நாள் அன்றைக்குத்தான். தள்ளிப்போட்டால் 2030-ல் அடுத்த புதுப்பிப்பு வரை அது அப்படியே கிடக்கும்.